வலி மண்டகப்படி

எங்கள் வாட்டர் டேங்க் தெருவில் ஒரு முழங்காலின் வலி நாற்பத்தியோரு நாள் வீடு வீடாகப் போய்த் தங்கிவிட்டு வந்தது. அந்த முழங்கால் என்னுடையது, வலது. வலி போன வீடுகளில் ஒன்றுகூட அதை வாசலில் நிற்கவைத்துப் பேசி அனுப்பவில்லை என்பதையும், சில வீடுகளில் இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கெஞ்சினார்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வருத்தமான கதை என்று நினைத்து யாரும் முந்தானையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம்.

என் பெயர் செண்பகவடிவு. பதினாறு வயது, பதினொன்றாம் வகுப்பு. சிலருடைய பாவாடையில் நாயுருவி ஒட்டுகிற மாதிரி என் தொண்டையில் குரல்கள் ஒட்டிக்கொள்ளும். கணக்கு டீச்சர் அமலோற்பவம் குரலில் ஜன்னலுக்கு வெளியே நின்று "எல்லாரும் எந்திரிச்சு வீட்டுக்குப் போங்க" என்றேன், வகுப்பே மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. எலுமிச்சை மார்க்கெட்டில் ஏலம் விடுகிற பிரமநாயகம் மாமா குரலில் "இன்னைக்கு ஏலம் முடிஞ்சது, போய் டீ குடிங்க" என்றேன், கேரளா வியாபாரிகள் எல்லாரும் டீக்கடையில் நின்றார்கள், மாமா தன் மேடையில் தனியாக நின்று யாருக்கு விற்பது என்று தெரியாமல் தன் குரலையே தேடிக்கொண்டிருந்தார். அதே மார்க்கெட்டில் பழம் தரம் பிரிக்கிற என் அம்மா கோமதி அன்றைக்கு என் காதைப் பிடித்துத் திருகினாள், நான் கத்தினேன், அதுவும் மாமா குரலில்தான் வந்தது.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலரை மணிக்கு, உச்சிமாகாளி மினிபஸ் எங்கள் தெருமுனையில் நின்றது. அதன் கண்டக்டர் மாடக்கண்ணு அண்ணாச்சி பதினோரு வருஷமாக அதே பஸ்ஸில் இருக்கிறவர், இறங்குகிறவர்களின் கடைசிக் கால் மண்ணைத் தொடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் "போலாம் ரைட்" சொல்வார், அதுவும் 'போலா'வை மூக்கில் தொடங்கி, 'ரை'யைத் தொண்டையில் வழுக்கவிட்டு, கடைசி 'ட்'டைப் பல்லால் கடித்து நிறுத்துவார். அந்தக் குரல் கேட்டால் டிரைவர் மைதீன் பாயின் கால் தானாக ஆக்ஸிலேட்டரில் இறங்கும், திரும்பிப் பார்க்க மாட்டார். அன்றைக்கு எனக்குப் பின்னால் இறங்க நின்றவர் பிரமநாயகம் மாமா. மாமா ஒரு படி இறங்குவதற்குள் ஒரு மூட்டைப் பழம் கனிந்துவிடும். அவரை ஒரே ஒரு தடவை துள்ளவைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. அண்ணாச்சி உள்ளே குனிந்து யாருக்கோ டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். நான் அவர் குரலில் "போலாம் ரைட்" என்றேன், மூக்கும் தொண்டையும் பல்லும் சரியாக அமைந்தது, எனக்கே பெருமையாக இருந்தது. நானும் படியில்தான் நிற்கிறேன் என்பது மட்டும் மறந்துபோயிருந்தது.

பஸ் கிளம்பியது. எனக்கு ஒரு கால் மண்ணில், ஒரு கால் படியில். தெருமுனை வேகத்தடைமேல் என் வலது முட்டி முதலில் போய்ச் சேர்ந்தது, மிச்ச நான் பின்னாலேயே போனேன். விழுந்தபோது "ஐயோ" என்றேன். தொண்டையில் இன்னும் அண்ணாச்சிதான் இருந்தார், ஆகவே அந்த ஐயோவும் அவர் குரலில் வந்தது. எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை. பஸ்ஸுக்குள்ளே அண்ணாச்சிதான் முட்டியைப் பிடித்துக்கொண்டு டிக்கெட் கட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தான் சொல்லிட்டேன்," என்றார் அவர், என்னைத் தூக்க வந்தவர்களிடம். "பிள்ள படியில நிக்கா, பாக்காம வாய் சொல்லிட்டு. என் காதால கேட்டேன்."

எல்லாரும் கேட்டிருந்தார்கள். அவர் குரல் அது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, அவருக்கே இல்லை. எத்தனையோ குரல் வைத்திருந்த நான், அப்போது ஒன்றையும் எடுக்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், முட்டிச் சில்லு மூன்று துண்டு என்றார், கம்பி வைத்துக் கட்ட வேண்டும் என்றார், மூன்று துண்டாக உடைந்த பிள்ளை எதற்காக இப்படி இளித்துக்கொண்டு கிடக்கிறது என்று அம்மாவிடம் கேட்டார். "அது பொறந்ததுல இருந்து அப்படித்தான் சார்," என்றாள் அம்மா. கம்பி வைத்தார்கள். முதல் தடவை கட்டுப் பிரித்தபோது, வார்டே பாவமாகப் பார்க்கிறதே, ஏமாற்றக் கூடாதே என்று அமலோற்பவம் டீச்சர் குரலில் ஒரு கத்துக் கத்தினேன். அதே நேரம் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் ஒரு முக்கோணத்துக்கு மூன்றாவது கோடு போட்டுக்கொண்டிருந்த டீச்சர் சாக்பீஸைப் போட்டுவிட்டு வலது முட்டியைப் பிடித்தார். இரண்டாம் தடவை பிரமநாயகம் மாமா குரலில் கத்தினேன். மாமா ஏலத்தின் நடுவில் "ஒரு தரம், ரெண்டு தரம்" வரைக்கும் வந்து மூன்றாம் தரத்துக்கு ஒரு கூடைப் பழத்தின்மேல் சாய்ந்துவிட்டார்.

மூன்று பேரும் என்னைப் பார்க்க ஆரஞ்சோடு வந்த அன்று மாமா மட்டும் நொண்டிக்கொண்டு நின்றார், அதே காலால் இதே மாதிரி முன்னால் நொண்டியதாக அண்ணாச்சியும் டீச்சரும் சொன்னார்கள். நேரத்தை ஒப்பிட்டார்கள். நான் யார் குரலில் கத்துகிறேனோ அவருக்கு என் வலி போகிறது, அடுத்தவர் குரலில் கத்துகிற வரைக்கும் அங்கேயே இருக்கிறது என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துபோனது.

"அப்படியா," என்றார் டீச்சர். "பிரிச்சுக் கொடுக்க முடியுமா, இல்ல முழுசா ஒருத்தருக்குத்தானா?"

"முழுசா ஒருத்தருக்குத்தான் டீச்சர். ரெண்டு குரல் ஒண்ணா வராது."

"அப்ப நாள் பிரிச்சுக்கிட வேண்டியதுதான்," என்றார் மாமா. தெருவில் இதற்கு மேல் யாரும் ஆச்சரியப்படவில்லை. காய்ச்சலும் சேர்ந்து வருமா, சோறு இறங்குமா, குளிக்கலாமா என்று மட்டும் விசாரித்தார்கள்.

உச்சிமாகாளி கோயில் திருவிழாவில் எங்கள் ஊரில் பத்து நாளைக்குப் பத்து மண்டகப்படி, இன்ன நாள் இன்ன தெரு என்று பிரித்து, அன்றைக்கு அம்மனுக்கு உள்ள செலவும் சிரமமும் பெருமையும் அந்தத் தெருவுக்கே. அதே மாதிரி, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கூடி என் வலிக்கும் மண்டகப்படி எழுதினார்கள், டீச்சர் கையெழுத்தில் கோடு போட்ட தாள், எங்கள் வீட்டுச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில். திங்கள் தையல் மெஷின்காரர் வீடு, அவருக்கு வலது காலால் மிதிக்கிற மெஷின், ஆகவே அன்றைக்கு அவர் மனைவிக்கு. செவ்வாய் டீச்சர். புதன் ரேஷன் கடைக்காரர், புதனில் அவருக்குச் சரக்கு வராது. வெள்ளி மாடக்கண்ணு அண்ணாச்சி, அவர் வெள்ளியோடு சனியையும் கேட்டு வாங்கினார், யாராவது ஊருக்குப் போனால் அந்த நாளும் தனக்கு என்று பேனாவை வாங்கி அவரே எழுதினார்.

தினமும் காலை ஆறரைக்கு அம்மா காப்பித் தம்ளரைக் கட்டிலில் வைப்பாள், நான் தாளைப் பார்த்து, அன்றைய ஆளின் குரலில் "ஐயோ, ஆத்தா" என்பேன், தெருவில் எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் "வந்துட்டு" என்று சொல்லிக்கொண்டு காலை நீட்டி உட்காருவார். எனக்குப் பழக்கமில்லாத குரல்காரர்கள் முந்தின நாள் சாயங்காலமே வந்து அரைமணி நேரம் பேசிக் காட்டிவிட்டுப் போவார்கள். பட்டியலில் விட்டுப்போன பால்காரர் என் அம்மாவோடு சண்டைக்கு வந்தார், "எங்க தொண்டை என்ன, உங்க மக வாய்ல நுழையாத தொண்டையா?" என்று. ஏழாம் வீட்டு மருமகள் சுடர்மணி அக்கா, வியாழனுக்கு வந்தவள், மாமியார் அன்றைக்கு அடுப்பு மூட்டித் தானே தோசை ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்ததைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டு, என் காதில் மட்டும் "அடுத்த வியாழனும் எனக்கே கத்து, ஒனக்கு ரிப்பன் வாங்கித் தாரேன்" என்றாள். மண்டகப்படிக்காரருக்கு மினிபஸ்ஸில் முதல் சீட், டீக்கடையில் பெஞ்சு முனை, கோயிலில் பூசாரி அவர் இருக்கிற இடத்துக்கே வந்து திருநீறு தருவார். இருபது வருஷமாகப் பகலில் உட்காராத மனிதர்கள் என் முட்டியால் உட்கார்ந்தார்கள். வலி எப்படி இருந்தது என்று சாயங்காலம் வந்து எனக்குச் சொல்வார்கள், ரேஷன் கடைக்காரர் "கோணிக்குள்ள தேள் நடக்குற மாதிரி" என்றார், டீச்சர் "மாறிலி இல்லம்மா, கூடிக் கூடிக் குறையுது" என்றார். என் வலியை நான் இப்படித்தான் தெரிந்துகொண்டேன், வெளியூர் போன உறவுக்காரரைப் பற்றிக் கேள்விப்படுவது மாதிரி.

ஒரு தடவை மட்டும் முறை தவறினேன். கணக்குப் பரீட்சை அன்று காலை, ரேஷன் கடைக்காரரின் நாளில், டீச்சர் குரலில் கத்திவிட்டேன், என் வகுப்புக்காரிகள் கேட்டுக்கொண்டதற்காக. பரீட்சை நடக்கவில்லை. டீச்சர் ஆட்டோ பிடித்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, காலைத் தலையணைமேல் நீட்டி, கேள்வித்தாளை என் மடியில் வைத்து, எனக்கு மட்டும் பரீட்சை நடத்திவிட்டுப் போனார்.

நாலாவது வாரம் முட்டியை மடக்குகிற வேலை ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிசியோதெரபி அறை, அதை நடத்துகிறவள் ஜெபராணி அக்கா, ஒல்லி, கைவிரல் மட்டும் கொடுக்கு மாதிரி. கீல் வைத்த பிளாஸ்டிக் ஸ்கேலை என் காலோடு வைத்துப் பார்த்தாள். "நாப்பது டிகிரி," என்றாள். டாக்டர் எட்டாவது வாரத்துக்குள் தொண்ணூறு வரவேண்டும் என்று எழுதியிருந்தார். வராவிட்டால் மறுபடி மயக்க ஊசி போட்டு அவர்களே மடக்குவார்கள், அதிலும் சரியாக வராவிட்டால் கால் அப்படியே கம்பு மாதிரி நின்றுவிடும் என்றும் சொல்லியிருந்தார். நான் கம்பு மாதிரிக் காலோடு நடந்து பார்த்தேன். சிரிப்புக் காட்ட நல்லாத்தான் இருந்தது. அப்புறம் வீட்டு வாசலில் இருந்து தெருமுனையைப் பார்த்தேன், மினிபஸ் வந்து நின்றது, அதன் படி என் இடுப்பு உயரத்துக்கு இருந்தது, அந்தப் படியில் கம்பு ஏறாது. அன்றைக்கு மட்டும் நான் யார் குரலிலும் பேசவில்லை.

கட்டிலில் பலகை போட்டு, பலகைமேல் பவுடர் தூவி, குதிகாலை இழுக்கவேண்டும். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அமுக்கி, பத்து எண்ணவேண்டும். எல்லாம் செய்தேன். ஆனால் ஜெபராணி அக்கா கையால் மடக்கும்போது, "வலிக்கா?" என்பாள், எனக்கு என்ன தெரியும், அன்றைய மண்டகப்படிக்காரரையும் ஆட்டோவில் கூட்டிப்போகவேண்டி வந்தது. பக்கத்து நாற்காலியில் அவர் உட்காருவார். அக்கா என் காலை மடக்குவாள், அவர் "போதும் தாயி, போதும்" என்பார், அக்கா நிறுத்துவாள். மறுநாள் வேறு ஆள், வேறு "போதும்". தையல்காரர் மனைவி ஐம்பதில் அழுதுவிட்டாள். ரேஷன் கடைக்காரர் அறுபத்தைந்து வரைக்கும் பல்லைக் கடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்தார். நானும் போதும் என்று சொல்லிவிடுவேன், என் காலுக்காக இன்னொருத்தர் வியர்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது நான் நினைத்த அளவு வேடிக்கையாக இல்லை. முப்பத்தேழாம் நாள் ஸ்கேல் அறுபத்தைந்திலேயே நின்றது.

அக்கா ஸ்கேலைக் கீழே வைத்தாள். "நேத்து வலிச்சவளுக்குத்தான் இன்னைக்கு எங்க தொட்டா வலிக்கும்னு தெரியும், நாளைக்கு அதுக்கு மேல ஒரு விரக்கடை போகலாம்னு தெரியும். தினம் ஒரு புது ஆளக் கூட்டிட்டு வந்தா, கால் யார்கிட்டப் படிக்கும்? ஒன் குரல்ல கத்து. வலி ஒனக்கு வரட்டும்."

"எது என் குரல்?" என்றேன். அதுவே டிரைவர் மைதீன் பாய் குரலில் வந்தது.

தெரு கூடி உதவிக்கு வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்து, கத்து என்றார்கள். கத்தினேன். "அது எங்க சித்தி," என்றார் ஒருவர். இன்னொன்று எடுத்தேன். "இது நெல்லு மில்லுக் கணக்கப்பிள்ள, செத்து ரெண்டு வருஷம் ஆச்சு, அவருக்குப் போய் என்ன செய்யும்?" இன்னொன்று. "இது ஆடு."

"பொறந்தப்ப எப்படி அழுதா?" என்று டீச்சர் அம்மாவிடம் கேட்டார்.

"பிரசவம் பாத்த நர்ஸம்மா இருமினா. அதே மாதிரிதான் அழுதா டீச்சர்."

உண்மையைச் சொன்னால், நானும் அடியாழம் வரைக்கும் தேடவில்லை. கோணிக்குள்ள தேள் நடக்குமாம். அது என்னிடம் வந்துதான் ஆகவேண்டும் என்று எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

அப்போதுதான் மாடக்கண்ணு அண்ணாச்சி எழுந்து, "இனி தினமும் எனக்கே கத்தட்டும்," என்றார். "ஒரே ஆள்தான வேணும்? தொண்ணூறு வார வரைக்கும் நான் இருக்கேன். லீவு போட்டுட்டேன். நான் விழத் தள்ளின பிள்ள, நாந்தான் தூக்கிவிடணும்."

சுவரில் இருந்த தாளில் மிச்சக் கட்டமெல்லாம் அவர் பெயர் எழுதப்பட்டது. சுடர்மணி அக்காவுக்கு மட்டும் முகம் வாடிப்போனது. நானும் தலையாட்டினேன், ஏனென்றால் கணக்குச் சரியாக வந்தது, கால் மடங்கும், வலி எனக்கு வராது, யாருக்கும் ஒன்றும் தெரியாது.

முதல் நாள் எழுபது. இரண்டாம் நாள் எழுபத்து நான்கு. அண்ணாச்சி ஒரு தடவைகூடப் போதும் என்று சொல்லவில்லை. பதினோரு வருஷமாகத் தோளில் தொங்கிய தோல்பையின் வாரைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டு, கை இரண்டையும் தொடையில் ஊன்றி, ஜன்னல் வழியாக பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாலாம் நாள், அதாவது நாற்பத்தியோராம் நாள், மைதீன் பாய் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"பாருங்கம்மா, இவர எப்ப அனுப்புவீய?" என்றார் ஜெபராணி அக்காவிடம். "ஒங்களுக்குத் தெரியாது, அந்தப் பிள்ள விழுந்ததுல இருந்து இந்த மனுசன் ஒரு தடவ ரைட் சொல்லல. லீவு போடுற வரைக்கும் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கி, படியப் பாத்து, டயரப் பாத்து, திருப்பியும் படியப் பாத்து, உள்ள நடந்து வந்து என் தோளத் தொடுவாரு. அப்பத்தான் நான் எடுக்கணும். வண்டி பேசாம போச்சு பாத்துக்கிடுங்க, சாவு வீட்டு வண்டி மாதிரி. எல்லா டிரிப்பும் லேட்டு."

அண்ணாச்சி வாரை வாயில் இருந்து எடுத்தார். "நான் படியப் பாத்ததா எனக்கு ஒரு ஞாபகம் இருக்கு பாய்," என்றார் மெதுவாக. "குனிஞ்சு டிக்கெட் கிழிச்சேன், நிமிந்து பாக்கணும்னு நினைச்சேன், அதுக்குள்ள குரல் கேட்டுட்டு. என் குரல். நான் நினைக்குறதுக்கு முன்னால அது சொல்லுதுன்னா, நாளைக்கு இன்னொரு பிள்ளைக்குச் சொல்லாதுன்னு என்ன நிச்சயம்?" மறுபடியும் வாரைக் கடித்துக்கொண்டு, மடக்கும்மா என்று அக்காவுக்குக் கையைக் காட்டினார்.

அக்கா மடக்கினாள். எழுபத்தெட்டு. அண்ணாச்சியின் கழுத்தில் ஒரு நரம்பு எழுந்து காதுக்குப் பின்னால் போனது. எனக்கு முட்டியில் ஒன்றுமே இல்லை, பஞ்சுத் தலையணையை யாரோ மடக்குவது மாதிரி இருந்தது.

"அது நீங்க சொல்லல," என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் சொன்னேன். மாமா துள்ளுறதப் பாக்கணும்னு ஒங்க குரல்ல சொன்னேன். நீங்க குனிஞ்சுதான் இருந்தீய. வாயே திறக்கல."

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன், அந்தக் குரல் எனக்குப் பழக்கமில்லாதது. கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி, நடுவில் ஒரு பிசிறு, பிரமாதம் என்று சொல்ல ஒன்றுமில்லை, எந்தக் கூட்டத்திலும் நான் திருட நினைத்திருக்க மாட்டேன். அதற்குள் என் முட்டிக்குள் யாரோ கோணியை அவிழ்த்துவிட்டார்கள். "ஆத்தா" என்று கத்தினேன், அதுவும் அதே பிசிறுக் குரலில் வந்தது, பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தேள் இல்லை. ரேஷன் கடைக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை. சூடான கம்பியில் எலுமிச்சம்பழம் பிழிந்த மாதிரி இருந்தது. என் சொந்த வலியை என் சொந்த வாயால் எப்படி இருக்கிறது என்று சொல்ல முடிந்ததில், அழுதுகொண்டே எனக்குச் சிரிப்பும் வந்தது.

அண்ணாச்சி தன் காலை நீட்டினார், மடக்கினார், மறுபடி நீட்டினார். வாரைத் துடைத்துத் தோளில் மாட்டினார்.

"அப்ப நான் பாக்காமச் சொல்லல," என்றார்.

"சொல்லவே இல்ல அண்ணாச்சி."

"பதினோரு வருசத்துல ஒரு தடவகூட."

"ஒரு தடவகூட இல்ல."

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தேன். அவர் ஜெபராணி அக்காவைக் கேட்டார், "தொண்ணூறுக்கு இன்னும் எவ்வளவு?"

"பன்னெண்டு."

"மடக்குங்க," என்றார், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து. "இத்தன நாளு ஜன்னலயே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். இனி கால் மடங்குறதப் பாக்கணும்."

தெருவுக்கு நானே சொன்னேன், தொட்டிக்குக் கீழே, பிசிறுக் குரலில். பிரமநாயகம் மாமா, "என்னயத் துள்ள வைக்கவா? நான் துள்ளி இருபது வருசம் ஆச்சுட்டி, கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல," என்றார். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை, சோறு மட்டும் முன்னைவிட ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது. மறுநாள் காலை ஆறரைக்கு, பழக்கத்தில், தெருவில் பாதிப்பேர் காலை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்களாம். ஒன்றும் வரவில்லை என்றதும் எழுந்து வேலைக்குப் போனார்கள். சுடர்மணி அக்கா மட்டும் வியாழக்கிழமையில் லேசாக நொண்டினாள், அவள் மாமியார் தோசை ஊற்றினாள், வலி இப்போது என்னிடம்தான் இருக்கிறது என்று நான் யாருக்கும் ஞாபகப்படுத்தவில்லை.

அண்ணாச்சி மறுநாளே வேலைக்குப் போய்விட்டார். ஆனால் தினமும் மத்தியானம் டிரிப்புக்கு நடுவில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வந்து அதே நாற்காலியில் உட்காருவார். நான் போதும் என்பேன். "இன்னும் எடம் இருக்கு, உள்ள போங்க, உள்ள போங்க," என்பார், கடலையை உடைத்துக்கொண்டே. எண்பது. எண்பத்து மூன்று. ஒருநாள் எண்பத்து மூன்றிலிருந்து எண்பத்தொன்றுக்குத் திரும்பி வந்தது, அன்றைக்கு நான் பலகையைத் தூக்கி எறிந்தேன், அவர் அதை எடுத்துவந்து பவுடர் தூவிக் கொடுத்தார். நேற்று எங்கே வலித்தது என்று எனக்குத் தெரிந்தது, அந்த இடம் வரைக்கும் பயமில்லாமல் போனேன், அங்கே நின்று பத்து எண்ணினேன், அப்புறம் ஒரு விரக்கடை. எட்டாவது வாரம் டாக்டர் ஸ்கேலை வைத்து, கண்ணாடியைக் கழற்றி, மறுபடி வைத்துப் பார்த்து, தொண்ணூற்று நான்கு என்று எழுதினார். மயக்க ஊசி வேண்டாம் என்றார். "அன்னைக்கு இளிச்சவ, இப்ப மட்டும் எதுக்கு அழுத?" என்றும் கேட்டார்.

ஆனாலும் உச்சிமாகாளி பஸ் இன்னும் பேசாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சியிடமே கேட்டேன். "நாக்கு நுனி வரைக்கும் வருது," என்றார். "அங்க வந்ததும், இது என் குரலா, நீ எடுத்துக்கிட்டுப் போன குரலான்னு ஒரு கூச்சம் பாத்துக்க. திரும்பி உள்ள போயிருது."

புரட்டாசி முதல் வாரம், காலை எட்டரை மணி, இரண்டு மாதத்துக்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு நான் மினிபஸ்ஸில் போகிற நாள். தெருமுனையில் பஸ் நின்றது. அம்மா கையைப் பிடிக்க வந்தாள், வேண்டாம் என்றேன். இடது காலைப் படியில் வைத்து, கம்பியைப் பிடித்து, வலது முட்டியை மடக்கினேன், அது உள்ளே ஒரு சொல் முணுமுணுத்துவிட்டு மடங்கியது, ஏறிவிட்டேன். எனக்குப் பின்னால் பிரமநாயகம் மாமா ஏறினார், ஒரு மூட்டைப் பழம் கனிகிற நேரத்தில். அண்ணாச்சி இறங்கிப் படியைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், படியைப் பார்த்தார், ஏறினார். டிரைவர் தோளைத் தொட நடந்தவர், என்னைத் தாண்டும்போது நின்றார்.

"நீதான சொல்லுவ," என்றார். "சொல்லு பாப்போம். ஒன் குரல்ல."

பஸ்ஸே பார்த்தது. அவர் குரல் என் தொண்டையில் தயாராக இருந்தது, மூக்கு, வழுக்கல், பல் எல்லாம். அதைக் கீழே தள்ளிவிட்டு, பிசிறை எடுத்தேன்.

"போலாம் ரைட்," என்றேன்.

பஸ் அசையவில்லை. மைதீன் பாய் கண்ணாடியில் பார்த்தார்.

"யாரு அது?" என்றார். "கண்டக்டர் சொல்லாம வண்டி எடுக்க முடியாது தாயி. இந்த வண்டிக்கு ஒரு குரல்தான்."

மாமா சிரித்தார், சிரிப்பு சீட்டு சீட்டாகப் பின்னால் போய்த் திரும்பி வந்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. ஒருமுறை படியைப் பார்த்தார், அது காலியாக இருந்தது. என் கால்களைப் பார்த்தார், இரண்டும் உள்ளே இருந்தன. மூக்கில் தொடங்கியது, தொண்டையில் வழுக்கியது, கடைசியில் பல் கடித்தது.

"போலாம் ரைட்."

பஸ் துள்ளிக் கிளம்பியது, மாமாவும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு துள்ளுத் துள்ளினார். அண்ணாச்சியின் குரலோடு சேர்ந்து என் உதடும் அசைந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, வாய மூடிக்கிட்டு உள்ள போ," என்றார்.

நான் உள்ளே போய், ஜன்னலோரம், முட்டியை மடக்கி உட்கார்ந்தேன்.